வெளிநாட்டில் கம்பெனி பதிய எந்த நாடு? பெங்களூரில் இருந்து ஆன்லைன் தொழில் செய்பவருக்கு

அல்சூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு மாதச் சந்தாவில் ஒரு மென்பொருள் விற்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 டாலர் வருகிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்பெனி போடு என்கிறார் ஒரு நண்பர். துபாயில் வரியே கிடையாது என்கிறார் இன்னொருவர். எஸ்டோனியாவில் வீட்டிலிருந்தே கம்பெனி தொடங்கலாம் என்று யூடியூப் சொல்கிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்று பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள்?

பதில் அல்சூர் என்றால், வரிக் கணக்கின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. கம்பெனி எந்த நாட்டில் பதிவாகியிருந்தாலும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உங்கள் உலக வருமானம் முழுவதுக்கும் இந்தியாவில் வரி உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி உங்களுக்குச் சில கதவுகளைத் திறக்கும், வரியைக் குறைப்பது அவற்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நூறு டாலர் லாபத்தில் கைக்கு என்ன வரும்

நீங்கள் 30 சதவீத வரி அடுக்கில் இருக்கிறீர்கள், 4 சதவீத செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்று கொள்வோம். உங்கள் மேல் வரும் சர்சார்ஜை (அதிக வருமானத்துக்கான கூடுதல் வரி) இப்போதைக்கு விட்டுவிடலாம். கம்பெனி சம்பாதித்த லாபம் 100 டாலர். மொத்தத்தையும் டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்காக எடுத்துக்கொள்கிறீர்கள்.

கம்பெனியே இல்லாமல் சொந்தப் பெயரில், அதாவது புரொப்ரைட்டராகச் செய்தால் வரி 31.20. கைக்கு 68.80.

டெலவேர் சி-கார்ப் (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் அமெரிக்கக் கம்பெனி வகை) என்றால் முதலில் அமெரிக்க மத்திய வரி 21. மீதி 79-ஐ டிவிடெண்டாக அனுப்பும்போது இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி தனிநபருக்கு 25 சதவீதம் பிடித்தம், அதாவது 19.75. இந்தியாவில் அந்த 79-க்கு வரி 24.65, பிடித்த 19.75-ஐக் கழித்துக்கொள்ளலாம், ஆகவே இன்னும் 4.90 கட்ட வேண்டும். கடைசியில் கைக்கு வருவது 54.35. டிவிடெண்டில் பிடித்த வரியைத்தான் கழிக்க முடியும். கம்பெனி கட்டிய 21-ஐத் தனிநபர் கழித்துக்கொள்ள வழியில்லை. எல்லா நாட்டுக்கும் இதே நிலைதான்.

பிரிட்டனில் சிறு லாபத்துக்கு 19 சதவீதம், டிவிடெண்டில் பிடித்தம் இல்லை: 55.73. எஸ்டோனியாவில் லாபத்தை எடுக்காத வரை வரி இல்லை, எடுக்கும்போது 22: 53.66. சிங்கப்பூரில் புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டுகள், முதல் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் லாபத்தில் முக்கால் பங்குக்கு விலக்கு உண்டு. அந்தச் சலுகையோடு 65.88. துபாயில் லாபம் 3,75,000 திர்ஹத்துக்குக் கீழே இருந்தால் அங்கே வரி பூஜ்ஜியம். கைக்கு 68.80.

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். இருப்பதிலேயே வரி குறைந்த நாட்டைத் தேடிப் போனாலும் கைக்கு வருவது, எங்கும் போகாமல் அல்சூரில் சொந்தப் பெயரில் செய்தால் வருகிற அதே 68.80. துபாய் லைசென்ஸ் கட்டணம், ஏஜென்ட், ஆடிட்டர் செலவை இன்னும் கழிக்கவே இல்லை.

இந்தியாவிலேயே பிரைவேட் லிமிடெட் போட்டு எல்லா லாபத்தையும் டிவிடெண்டாக எடுத்தால் 51.48தான் மிஞ்சும் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் கம்பெனி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமாக எடுக்கிறார்கள். சம்பளம் கம்பெனிக்குச் செலவு, எனவே இரட்டை வரி விழாது. வெளிநாட்டுக் கம்பெனியிலும் இப்படிச் செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்துக்கும் இங்கே அடுக்குப்படி வரி.

"லாபத்தை அங்கேயே விட்டு வைத்தால்?"

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். டிவிடெண்ட் எடுக்காமல் கம்பெனிக் கணக்கிலேயே பணத்தை வைத்திருந்தால் இந்தியா தொட முடியாதே?

இங்கேதான் அரைகுறைத் தகவல் அதிகம் ஊரில் உலவுகிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் முக்கிய முடிவுகள் இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்டால் அந்தக் கம்பெனியையே இந்தியாவில் வசிப்பதாகக் கருதும் விதி ஒன்று இருக்கிறது. நிர்வாகம் உண்மையில் நடக்கும் இடம் எது என்று பார்ப்பது. போயெம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நேரடி வரி வாரியம் 2017 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது: ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்குள் இருக்கும் கம்பெனிகளுக்கு இந்த விதி பொருந்தாது. இதைப் படித்தவர்கள் "அப்போ நமக்குப் பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

பிரச்சினை வேறு வாசல் வழியாக வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம் இருந்தால், அந்த இடத்தால் உண்டான லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். கம்பெனியின் ஒரே ஆள் நீங்கள். கோடு எழுதுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, விலை வைப்பது எல்லாம் அல்சூர் மாடியில் நடக்கிறது. அப்படியானால் லாபத்தில் எந்தப் பங்கு துபாயில் உண்டானது? அங்கே இருப்பது ஒரு தபால் முகவரி மட்டும்.

முழு லாபமும் இந்தியாவில் உண்டானது என்று வருமான வரித்துறை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டுக் கம்பெனிக்கான வரி 35 சதவீதம், செஸ் சேர்த்து 36.4. மீதி 63.60-ஐ நீங்கள் டிவிடெண்டாக எடுக்கும்போது மறுபடி 31.2. கைக்கு 43.76. மேலே போட்ட எல்லாக் கணக்கையும் விட இது மோசம். வரியே இல்லாத நாட்டுக்குப் போய் இருப்பதிலேயே அதிக வரி கட்டுவது இப்படித்தான் நேர்கிறது.

இதற்கு முறையான ஏற்பாடு ஒன்று உண்டு. இந்தியாவில் உங்கள் புரொப்ரைட்டர்ஷிப்போ பிரைவேட் லிமிடெட்டோ வைத்து, அது வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்துகொடுத்து ஒப்பந்தப்படி பில் போட வேண்டும். சம்பந்தமில்லாத இருவர் பேசி வைக்கும் விலை என்னவோ அந்த விலையில் பில் இருக்க வேண்டும்; உறவுக் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஆடிட்டரின் தனி அறிக்கை ஆண்டுதோறும் தேவை. வேலை முழுக்க இங்கேதான் நடக்கிறது என்றால் லாபத்தின் பெரும்பகுதி இந்தப் பில் வழியாக இங்கே வந்துவிட வேண்டும். அப்போது வெளிநாட்டுக் கம்பெனி பணம் வாங்கும் கவுன்ட்டர் போல மட்டும் இருக்கும். அது தவறே இல்லை. அப்படி ஒரு கவுன்ட்டர் உங்களுக்குத் தேவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது தேவை

முதல் காரணம் பணம் வாங்குவது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் 2024-லிருந்து இந்தியாவில் புதுக் கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டும் தருகிறது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. எல்லை தாண்டிய பணப்பட்டுவாடா செய்யும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி விதிமுறை கொண்டுவந்தது. இதற்கான அனுமதியோடு ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்றவை வெளிநாட்டுப் பணம் வாங்கித் தருகின்றன. பேபாலும் வெளிநாட்டு வரவுக்கு இந்தியாவில் இயங்குகிறது. பேடில் போன்ற நிறுவனங்கள் இன்னொரு வகை. சட்டப்படி விற்பவர் அவர்களே; வாடிக்கையாளரிடம் வாங்கி, அந்தந்த நாட்டு விற்பனை வரியையும் அவர்களே கட்டி, கமிஷன் போக மீதியை உங்களுக்கு அனுப்புவார்கள். மாதம் சில ஆயிரம் டாலர் வரை வரும் ஒருவருக்கு இது பெரும்பாலும் போதும். ஐந்து சதவீதக் கமிஷன் கண்ணை உறுத்தும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உறுத்தல் குறையும்.

விற்பனை வரியைப் பற்றி இங்கேயே ஒன்று. அது வாங்குபவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துத் தனிநபருக்கு டிஜிட்டல் சேவை விற்றால், உங்கள் கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் முதல் யூரோவிலிருந்தே அங்கே வாட் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி வைத்து இந்தியத் தனிநபர்களுக்கு விற்றால், அந்த வெளிநாட்டுக் கம்பெனி இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பதிவு நாட்டை மாற்றி இதைத் தவிர்க்க முடியாது.

இரண்டாவது காரணம், வாடிக்கையாளர் கேட்பது. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு டபிள்யூ-9 என்ற வரிப் படிவம் கேட்கும். அது அமெரிக்கர்களுக்கானது. பதறிப்போய் உடனே எல்எல்சி என்ற அமெரிக்கக் கம்பெனி வகை ஒன்றைப் போடுபவர்கள் உண்டு. இந்தியத் தனிநபர் அதற்குப் பதிலாக டபிள்யூ-8பென் கொடுக்கலாம், கம்பெனி என்றால் டபிள்யூ-8பென்-இ. இந்தியாவில் உட்கார்ந்து செய்த சேவைக்கான பணம் அமெரிக்க வருமானம் ஆகாது என்பதால் அங்கே பிடித்தமும் தேவையில்லை. வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு இதை ஒரு மின்னஞ்சலில் தெளிவாக எழுதினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். அதற்கும் மேல் "அமெரிக்கச் சட்டப்படி ஒப்பந்தம், அமெரிக்க நிறுவனத்தோடு மட்டும்" என்று பிடிவாதமாக நிற்கும் வாடிக்கையாளர், அவரிடமிருந்து வரும் தொகையும் பெரிது என்றால் கம்பெனி போடுவதில் நியாயம் உண்டு.

மூன்றாவது, முதலீட்டாளர். அமெரிக்க வென்ச்சர் நிதி வாங்கப் போகிறீர்கள், அவர்கள் டெலவேர் சி-கார்ப் கேட்கிறார்கள் என்றால் பேச்சே இல்லை, டெலவேர்தான். ஆனால் நிதி வருவதற்கு முன்பே, வரும் என்ற நம்பிக்கையில் போட வேண்டாம். திரும்பி வருவது எவ்வளவு செலவு என்பதற்குப் பெங்களூரிலேயே உதாரணங்கள் உண்டு. ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குத் தலைமைக் கம்பெனியை மாற்றியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய். முதலீட்டுச் செயலியான க்ரோ டெலவேரிலிருந்து திரும்பியபோது கட்டியது 1,340 கோடி. சிறு கம்பெனிக்கு இந்தத் தொகை வராது, விதி அதேதான். மதிப்பு ஏறிய பிறகு நாடு மாறினால், ஏறிய மதிப்புக்கு வரி.

நான்காவது, நீங்களே குடிபெயர்வது. குடும்பத்தோடு துபாய் போய் அங்கேயே வசித்து அங்கேயே வேலை செய்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும். ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பது அடிப்படை விதி. 60 நாள் விதி, 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் உள்ள குடிமகனுக்கான விதி என்று அதற்குப் பல கிளைகள் உண்டு. விசா ஸ்டாம்ப் மட்டும் வாங்கிவிட்டு இந்திராநகரில் வாழ்வது குடிபெயர்வு ஆகாது.

இந்த நான்கில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால், இந்தியாவிலேயே ஜிஎஸ்டி பதிவு செய்து, ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதம் போட்டு, வரி இல்லாமல் சேவை ஏற்றுமதி செய்வது எளிது. எல்யூடிக்குக் கட்டணம் கிடையாது. ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டு பில் போடுவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு.

நாடுகள்

அமெரிக்காவில் தேர்வு உண்மையில் இரண்டு: சி-கார்ப், எல்எல்சி. வெளிநாட்டவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எல்எல்சியை அமெரிக்க வரிச் சட்டம் உரிமையாளரிடமிருந்து தனியான ஒன்றாகப் பார்ப்பதில்லை. அங்கே அலுவலகமோ ஆளோ இல்லாமல், வேலை முழுக்க இந்தியாவில் நடந்தால், பொதுவாக அங்கே வருமான வரி வராது. அதனால்தான் இது பிரபலம். ஆனால் வரி இல்லை என்றால் படிவமும் இல்லை என்று நினைத்தால் போச்சு. படிவம் 5472-ஐ, வெறும் உறை போன்ற ஒரு 1120 படிவத்துடன் சேர்த்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 15-க்குள் ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் 25,000 டாலர். நீங்கள் கம்பெனிக்குப் போட்ட முதல் 500 டாலரே அதில் காட்ட வேண்டிய பரிவர்த்தனைதான். வியாபாரம் நடக்கவில்லை என்ற சாக்கு செல்லாது.

எல்எல்சிக்கு இந்தியப் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியா அதைத் தனிக் கம்பெனியாகப் பார்க்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் என்றாவது வரி வந்து அதை உங்கள் பெயரில் கட்டினால், இங்கே அது கம்பெனியின் வருமானமா உங்கள் வருமானமா என்ற குழப்பத்தில் வரிக் கழிவு சிக்கிக்கொள்ளும்.

டெலவேர் எல்எல்சிக்கு ஆண்டு வரி 300 டாலர், ஜூன் 1-க்குள். வயோமிங் மாநிலத்தில் குறைந்தபட்சம் 60 டாலர். முதலீட்டாளர் இல்லாத சிறு தொழிலுக்கு டெலவேர் என்ற பெயருக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் மேலே பதிவு முகவர் கட்டணம் உண்டு.

சி-கார்ப் போட்டவர்களுக்கு முதல் பிப்ரவரியில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஸ்டார்ட்அப் வழக்கப்படி ஒரு கோடி பங்குகள் அங்கீகரித்திருப்பார்கள். டெலவேர் அனுப்பும் ஃப்ரான்சைஸ் வரி (கம்பெனிக்கான மாநில ஆண்டு வரி) அறிவிப்பில் தொகை 85,165 டாலர் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். பங்கு எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. பங்கின் அனுமான முகமதிப்பை வைத்துப் போடும் இன்னொரு முறைக்கு மாற்றினால், புதுக் கம்பெனிக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையான 400 டாலருக்கு வந்துவிடும். அதோடு அறிக்கைக் கட்டணம் 50. மார்ச் 1 கெடு. தவறினால் 200 டாலர் அபராதமும் மாதம் ஒன்றரை சதவீத வட்டியும்.

இஐஎன் என்ற வரி எண் இல்லாமல் அமெரிக்காவில் பேங்க் கணக்கு கிடையாது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் அதை ஆன்லைனில் வாங்க முடியாது. எஸ்எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸில் அனுப்பிச் சில வாரம் காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் "அடுத்த வாரம் அமெரிக்கக் கணக்கு தருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்காதீர்கள்.

பிரிட்டனில் பதிவது மிக எளிது, பெரும்பாலும் ஓரிரு நாளில் முடியும். கட்டணம் 2024 மேயில் 12 பவுண்டிலிருந்து 50 ஆனது, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து இயக்குநர்கள் அடையாளச் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். தபால் பெட்டியைப் பதிவு முகவரியாகக் காட்டக் கூடாது. உங்கள் பெயரும் பங்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இருக்கும். இதில் சிலருக்குத் தயக்கம். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தருவதும் இதுவே. ஐரோப்பிய, பிரிட்டன் வாடிக்கையாளர்களிடம் நேரடியாக விற்பவருக்கு இந்த நாடு பொருந்தும்.

எஸ்டோனியா 2014 டிசம்பரில் இ-ரெசிடென்சி தொடங்கியது. அது ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை; அதை வைத்து அங்கே வசிக்க முடியாது, விசாவும் ஆகாது. லாபத்தை எடுக்காத வரை வரி இல்லை என்ற விதி அருமையானது, ஆனால் எஸ்டோனியாவில் வசிப்பவருக்கு அருமையானது. நாம் முன்னே பார்த்த தொழிலிடச் சிக்கல் இங்கேயும் அப்படியே உண்டு. உள்ளூர்த் தொடர்பாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூருக்கு உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம், ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளர் கட்டாயம். ஆள் இல்லாதவர்கள் காசு கொடுத்து இயக்குநரை அமர்த்துகிறார்கள்; பதிவுக் கட்டணம் 315 சிங்கப்பூர் டாலர்தான், இயக்குநருக்குக் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு, அதுவும் ஆண்டுதோறும். அங்கே அண்ணனோ மாமாவோ வசித்து, தொழிலிலும் உண்மையாகப் பங்கெடுத்தால் சிங்கப்பூர் நல்ல தேர்வு. தென்கிழக்கு ஆசிய வாடிக்கையாளர்கள் இருந்தாலும் அப்படியே. இல்லாவிட்டால் மாதம் 3,000 டாலர் தொழிலுக்கு இது தாங்காது.

துபாய் அங்கே குடியேறுபவருக்கு. ஹாங்காங்கில் பதிவு சுலபம், பேங்க் கணக்கு கடினம்.

இந்தியாவிலிருந்து பணம் போகும் வழி

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பதிவு செய்யும் இணையதளத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்து, ஐந்தே நிமிடத்தில் கம்பெனி கையில். ஆனால் அந்த நிமிடத்திலேயே நீங்கள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் பங்குதாரர். ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கு ஒன்றே ஒன்று வாங்கினாலும் அது ஓடிஐ எனும் நேரடி வெளிநாட்டு முதலீடு. ஒரு டாலர் என்றாலும் அப்படித்தான்.

2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, தனிநபர் ஓர் ஆண்டில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் திட்டத்தின் வரம்பான 2,50,000 டாலருக்குள் இந்த முதலீட்டைச் செய்யலாம், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவையில்லை. முறை மட்டும் முக்கியம். முதலில் உங்கள் பேங்கில் எஃப்சி படிவம் கொடுக்க வேண்டும். அதை வைத்து யூஐஎன் என்ற தனி எண் கிடைக்கும். அதன் பிறகே பங்குப் பணம் பேங்க் வழியாகப் போக வேண்டும். பங்குச் சான்றை ஆறு மாதத்துக்குள் பேங்கில் கொடுக்க வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொடர்பான எல்லாமே ஒரே பேங்க் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பதால் பேங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பக்கத்துக் கிளையில் ஓடிஐ என்றால் பெரும்பாலும் விழிப்பார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளையிடம் முதலிலேயே பேசி, அவர்கள் கேட்கும் ஆவணப் பட்டியலை வாங்கிக்கொண்டு பிறகு கம்பெனி பதிவதுதான் சரியான வரிசை.

தனிநபருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. நிதிச் சேவைக் கம்பெனி வேண்டாம். உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள அந்தக் கம்பெனி தனக்குக் கீழே இன்னொரு கம்பெனி வைத்துக்கொள்ளக் கூடாது. "துபாயில் ஒன்று, அதன் கீழே அமெரிக்க எல்எல்சி" என்று கட்டம் போட்டுக் காட்டும் ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள்.

தனிநபர் பங்காகத்தான் பணம் போட முடியும், கம்பெனிக்குக் கடன் கொடுக்க முடியாது. எனவே சர்வர் வாடகை, முகவர் கட்டணம், முதல் ஆண்டு ஆடிட்டர் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, 3,000 டாலர் வேண்டும் என்றால் 3,000-ஐயும் தொடக்கத்திலேயே மூலதனமாக அனுப்புங்கள். நூறு டாலர் மூலதனம் போட்டுவிட்டு, மற்றதை எல்லாம் சொந்த இந்திய கார்டில் கட்டிக்கொண்டிருப்பது பின்னால் விளக்க முடியாத கணக்காக நிற்கும். ஆண்டில் எல்ஆர்எஸ் வழியே 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மிகுந்த தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் ஏபிஆர் என்ற செயல்பாட்டு அறிக்கையைப் பேங்க் வழியாகக் கொடுக்க வேண்டும். கம்பெனி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் தணிக்கை செய்த கணக்கின் அடிப்படையில்தான் அது இருக்க வேண்டும், அமெரிக்கச் சட்டம் உங்கள் எல்எல்சிக்குத் தணிக்கை கேட்காவிட்டாலும் சரி. மலிவான எல்எல்சி என்று தொடங்கியவர்கள் இந்தச் செலவை எண்ணியே இருக்க மாட்டார்கள். தவறினால் ஒரு அறிக்கைக்கு 7,500 ரூபாய் தாமதக் கட்டணம். அதைச் சரி செய்யும் வரை அந்தக் கம்பெனிக்கு மேற்கொண்டு ஒரு டாலரும் அனுப்ப முடியாது.

பழைய கதை எப்படியோ நடந்துவிட்டது, கார்டில் கட்டிக் கம்பெனி போட்டு இரண்டு ஆண்டாகிவிட்டது என்றாலும் வழி உண்டு. பேங்கில் போய்த் தாமதக் கட்டணத்தோடு பதிவு செய்து சரி செய்துகொள்ளலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. முதலீடு தொடர்பான கட்டணம் தொகையையும் ஆண்டுகளையும் பொறுத்து ஏறும்.

வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் கட்டாயம். பங்கு, கம்பெனியின் பேங்க் கணக்கில் உங்கள் கையெழுத்து அதிகாரம், இரண்டையும் காட்ட வேண்டும். இந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டுக்கானது. ஏப்ரல்-மார்ச் கணக்கை அப்படியே போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. எளிய ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களை இனி போட முடியாது. காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் ரூபாய். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்கு அபராதத்துக்குத்தான், காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

மூடுவது

பதியும்போது இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் சிறு ஆன்லைன் தொழில்களில் பல இரண்டு மூன்று ஆண்டில் நின்றுவிடுகின்றன. டெலவேர் எல்எல்சியை அப்படியே விட்டுவிட்டால் ஆண்டுக்கு 300 டாலரும் அபராதமும் வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். பாக்கியைக் கட்டி முறைப்படி ரத்து செய்தால்தான் நிற்கும். பிரிட்டனில் மூன்று மாதம் வியாபாரம் இல்லாமல் இருந்த பிறகு டிஎஸ்01 படிவம் போட்டுப் பதிவை நீக்கலாம். அமெரிக்க எல்எல்சி மூடிய ஆண்டுக்கும் 5472 போக வேண்டும்.

இங்கே, கணக்கில் மிஞ்சிய பணத்தை 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, முதலீடு முடிந்ததைப் பேங்க் வழியாக 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பணம் வந்துவிட்டது என்று பேங்க் உறுதிசெய்யும் வரை வெளிநாட்டுக் கணக்கை மூடாதீர்கள். மூடிய பிறகு ஸ்டேட்மென்ட் எடுக்கவும் முடியாது, பேங்கோ முதலில் கேட்பது அதைத்தான்.